லினக்ஸ் கணினி தமிழில் வாசிக்க: முதலில் ஒலி, அப்புறம் குரல்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய டெஸ்க்டாப் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டு ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "கண் மங்கிப்போன அப்பாவுக்குத் தமிழ்ச் செய்தியைக் கணினியே படித்துக் காட்டுமா?" காட்டும். காசும் செலவில்லை. கீழே உள்ளவை உபுண்டு 24.04-க்கானவை.

வாசிப்பது ஓர்க்கா என்ற திரைவாசிப்பான். அது எழுத்தை ஸ்பீச் டிஸ்பேட்சரிடம் கொடுக்கும், இஸ்பீக் என்ஜி அதைக் குரலாக்கும், பைப்வயர் அந்த ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும். "குரல் வரவில்லை" என்று வருபவர்களிடம் பெரும்பாலும் கோளாறு இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதனால் ஓர்க்காவை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

1. ஒலியைச் சரிபார்ப்பது

செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போங்கள். அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் என்ன தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்திருந்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். லைன் அவுட் அல்லது ஹெட்போன்ஸ் என்று மாற்றிவிட்டு, பக்கத்திலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். இடது, வலது என்று தனித்தனியாக ஒலி வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

வரவில்லையா? கணினியின் பின்பக்கம் பாருங்கள். ஸ்பீக்கர் கம்பி பச்சைத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. பசார் மாலாமில் வாங்கும் யுஎஸ்பி ஸ்பீக்கர்களில் சில, யுஎஸ்பியில் மின்சாரம் மட்டும் எடுக்கும். ஒலிக்குத் தனியாக ஒரு கம்பி தொங்கும். அதையும் செருக வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து 'அல்சாமிக்ஸர்' (alsamixer) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் வரிசையாகக் கம்பங்கள் தெரியும். மாஸ்டர், ஹெட்போன், ஃப்ரண்ட் இவற்றின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் ஊமை. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகிவிடும். மேல் அம்புக்குறியால் கம்பத்தை உயர்த்துங்கள். எஸ்கேப் அழுத்தி வெளியே வரலாம்.

2. ஓர்க்காவை எழுப்புவது

ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓர்க்கா பேசத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். பேச்சை மட்டும் இடையில் நிறுத்த கன்ட்ரோல் விசை போதும்.

3. தமிழ்க் குரல்

இன்செர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் ஓர்க்காவின் அமைப்புகள் திறக்கும். வாய்ஸ் பக்கத்தில் சின்தசைசராக (குரலை உருவாக்கும் மென்பொருள்) இஸ்பீக் என்ஜியையும், மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுங்கள். ரேட் என்பது வேகம். பெரியவர்களுக்கு 50-லிருந்து கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

குரல் இயந்திரம் மாதிரிதான் இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. மனிதர் பேசிப் பதிவு செய்த குரல் அல்ல அது. ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது. அதனால்தான் கொஞ்ச இடத்தில் அடங்கி, இணையம் இல்லாமலும் பழைய கணினியிலும் உடனே பேசுகிறது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், "ரோபோ மாதிரி இருக்கு, ஆனா முழுசாப் படிக்குதே" என்றார். எனக்கும் அதே கருத்துதான்.

ஆங்கில எழுத்தில் இருக்கும் மலாய்ச் சொற்களை அது ஆங்கிலம் என்று நினைத்துத் தாறுமாறாக உச்சரிக்கும். மலாய்ப் பக்கம் நிறையப் படிப்பவர் என்றால் அதற்குத் தனியாக மலாய்க் குரலும் இஸ்பீக்கில் உண்டு. அதே இடத்தில் மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

4. வாசிக்க வைப்பது

செய்திப் பக்கத்தைத் திறந்து, எண் விசைப்பலகையின் கூட்டல் குறியைத் தட்டினால் அந்த இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும். எண் பகுதி இல்லாத மடிக்கணினியில் ஓர்க்காவின் விசை அமைப்பை லேப்டாப் என்று மாற்றிவிடுங்கள். பிறகு இன்செர்டுக்குப் பதில் கேப்ஸ் லாக். வாசிக்க, அதனுடன் அரைப்புள்ளி.

வாசிப்பது புரியாத உளறலாக இருந்தால் கோப்பைச் சந்தேகப்படுங்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் மலர் போன்ற பழைய கோப்புகள் யுனிகோடுக்கு (இன்று கணினிகளுக்குப் பொதுவான எழுத்து முறை) முந்திய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினால் படித்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது படம். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைத் தமிழ்த் தரவுடன் நிறுவி, முதலில் எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.