வீடு கட்டக் கொடுக்கும் முன் இதை எழுதி வாங்குங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டரிடம் பேசி முடித்ததும் பலர் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் சண்டை வருவது பெரும்பாலும் அந்த ரேட்டில் இல்லை, அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதில்தான். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர், மொட்டை மாடியில் பதிக்கும் தட்டு ஓடு இதெல்லாம் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் குழி தோண்டிய பிறகுதான் "சம்ப் தனிக் கணக்கு சார்" என்றார்கள். கம்பி, சிமென்ட் என்ன பிராண்டு, டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை என்பதும் அதே தாளில் வரட்டும்.

அப்புறம் பணம். தேதி பார்த்துக் கொடுக்காதீர்கள், பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரைக் கான்கிரீட், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தைக் குடியேறி ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக முதலிலேயே எழுதிவிடுங்கள், ஒழுகல் அப்போதுதான் தெரியும். நடுவில் ஒரு ஜன்னலை மாற்றச் சொன்னாலும் தொகையைக் கேட்டு வாட்ஸ்அப்பில் "சரி" வாங்கி வையுங்கள்.

வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவைதான். பாதியில் விட்டுப் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அங்கே இந்தத் தாளும் ரசீதும்தான் பேசும், அதனால் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.