வாசகர் தாண்டிப் போகும் பக்கங்கள்: காதல், காமக் காட்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படுக்கையறைக் காட்சி வந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன்" என்று ஒரு வாசகர் சொன்னதும், அவருக்குக் காமம் எழுதினாலே ஆகாது என்று எழுதுபவர் முடிவுகட்டிவிடுகிறார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கப் பழகினேன்: "தாண்டிய பிறகு கதையில் ஏதாவது புரியாமல் போனதா?" பெரும்பாலும் வரும் பதில், "ஒன்றுமே இல்லையே" என்பதுதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நான்கு பக்கத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நடக்கிறது என்றால், அந்த நான்கு பக்கமும் கதைக்குள் இருந்ததே இல்லை. வாசகர் அதைக் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

அதனால் முதலில் தவிர்க்க வேண்டியது, வாசகர் கருத்தை உப்பு, காரம் போல அளவுக் கணக்காக எடுத்துக்கொள்வது. "ரொமான்ஸ் ஜாஸ்தி" என்று ஒருவரும் "ரொமான்ஸே இல்லை" என்று இன்னொருவரும் ஒரே கதைக்குச் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு காட்சியைக் குறைத்து, வேறோர் இடத்தில் ஒரு முத்தத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. இருவரும் சொல்வது பல நேரம் ஒன்றேதான்: இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவருக்கு நடப்பதெல்லாம் அதிகமாகத் தோன்றும், அல்லது எதுவுமே நடக்காதது போலத் தோன்றும்.

அடுத்தது, நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. இருநூறு பக்கம் வரை அவனுக்கென்று ஒரு பேச்சு, அவளுக்கென்று ஒரு கோபம், இருவருக்கும் இடையில் ஒரு பழைய பிணக்கு எல்லாம் இருக்கும். அறைக்கதவு சாத்தியதும் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது ஓர் ஆண் உடலும் ஒரு பெண் உடலும் மட்டும். பெயர்களை மாற்றி வேறு நாவலில் ஒட்டினாலும் பொருந்தும் காட்சி அது. எதையும் மடித்து வைத்தே பழகியவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவன் சட்டையைக் கழற்றி மூலையில் எறிகிறான். அல்லது அந்த நேரத்திலும் எழுந்து போய் மடித்துவைத்துவிட்டு வருகிறான், அவள் சிரித்துவிடுகிறாள். இரண்டில் எதை எழுதினாலும் அது இவர்களுடைய இரவு ஆகிவிடுகிறது. வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. இதற்கு மேல் எவ்வளவு வெளிப்படையாக எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

கதவைச் சாத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறுதான். "விளக்கு அணைந்தது" என்று எழுதிவிட்டு நேராக மறுநாள் காலைக்குப் போவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலையில் இருவரும் முந்தின நாள் மாலை போலவே பேசிக்கொண்டால் விளக்கு எதற்கு அணைந்தது? மூடிய கதவுக்குப் பின்னாலும் கதை நகர வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் 1856இல் பத்திரிகையில் தொடராக வந்தபோது, நாயகியும் காதலனும் ஏறிய, திரைச்சீலை மூடிய ஒரு குதிரை வண்டி ஊரெல்லாம் சுற்றும் பகுதியை ஆசிரியர்களே பயந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் பகுதியில் உடல் என்று எதுவும் காட்டப்படுவதில்லை. வண்டி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும் திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு, கிழித்த காகிதத் துண்டுகளைக் காற்றில் விடுகிறது. அவனை மறுத்து அவள் எழுதிவைத்திருந்த கடிதம் அது. அந்தக் கை ஒன்றே போதும், அவள் என்ன முடிவுக்கு வந்தாள் என்று தெரிந்துவிடுகிறது. நாவல் மேல் வழக்கு நடந்தது, 1857 பிப்ரவரியில் விடுதலையும் ஆனது. காட்டாமல் எழுதியதற்கே அத்தனை கலவரம்! மறைப்பது மென்மையான வழி, காட்டுவது துணிச்சலான வழி என்ற பிரிப்பை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

நம்மிடமே இதற்கு இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், அவன் தன்னைக் கூடிய நாளுக்குச் சாட்சியாக யாரும் இல்லை என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு மட்டும் இருந்ததாம், தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு. அந்தக் கால் அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்றால், அந்த நேரம் அவளுக்குள் எப்படிப் பதிந்திருக்க வேண்டும்! அவன் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயமும் அதே ஐந்து அடிக்குள் இருக்கிறது.

இனி சொற்கள். தமிழில் எழுதுபவருக்கு இது உண்மையிலேயே கஷ்டமான இடம். 'கலவி', 'புணர்ச்சி' என்றால் உரைநூல் வாசனை. 'உடலுறவு' என்றால் மருத்துவரோ செய்தித்தாளோ பேசுவது போல இருக்கிறது. பேச்சில் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் வசைகளாகிவிட்டன. 'செக்ஸ்' என்று எழுதினால் சிலருக்கு இயல்பாக இருக்கும், சில பாத்திரங்களின் வாயில் ஒட்டவே ஒட்டாது. இந்த நெருக்கடியில் பலர் தப்பித்து ஓடுவது பூந்தோட்டத்துக்குத்தான். இதழ் மலராகும், உடல் கொடியாகும், தேன் வரும், வண்டு வரும், கடைசியில் ஒரு மின்னல் வெட்டும். யாருக்கு என்ன நடந்தது என்று வாசகருக்கே தெரியாது. லண்டனில் 'லிட்டரரி ரிவ்யூ' பத்திரிகை 1993 முதல், நாவல்களில் மோசமாக எழுதப்பட்ட காமப் பகுதிக்கென்று ஒரு விருதையே பல ஆண்டுகள் கொடுத்துவந்தது. அங்கே எடுத்துக்காட்டப்பட்ட பல பத்திகளைக் கெடுத்தது ஆபாசம் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய உவமைகள்.

இதிலிருந்து வெளியே வர நான் கண்ட வழி எளியது. சாதாரண வினைச்சொற்களை நம்புங்கள். தொட்டாள், சாய்ந்தான், விரலைக் கோத்துக்கொண்டாள், தலையைத் திருப்பிக்கொண்டான். முதுகு, கழுத்து, உள்ளங்கை, முழங்கை என்று நாம் தினமும் சொல்லும் பெயர்கள் போதும். எந்தப் பாத்திரத்தின் மனத்திலிருந்து பார்க்கிறோமோ, அந்த ஆள் தனக்குள் எந்தச் சொல்லால் நினைப்பாரோ அதுதான் சரியான சொல். அவருக்கு அதற்கொரு சொல்லே கிடையாது, கூச்சப்படுகிறார் என்றால் அந்தக் கூச்சத்தையும் எழுதலாம்.

கண்ணை மட்டும் நம்பி எழுதுவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டு, கேட்டு, உண்டு, முகர்ந்து, தொட்டு அறியும் ஐந்து புலன் இன்பமும் இவளிடம் இருக்கிறது என்கிறது 1101ஆம் குறள். நம் கதைகளிலோ பார்ப்பது ஒன்றே நடக்கிறது, அதுவும் அவளை மட்டும். அவன் உடம்பு எங்கே? அவளுக்கு அவனிடம் என்ன பிடித்தது, அவன் மூச்சு எப்படிக் கேட்டது? பெண்கள் பலர் சலித்துப்போய்ச் சொல்லும் குறை இது. அவளை யாரோ மூன்றாம் ஆள் மூலையில் நின்று பார்ப்பது போல இருக்கிறது என்பார்கள். சொல்வது முழுக்க நியாயம்.

பலவந்தத்தைக் காதலாக எழுதுவது பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன். "வேண்டாம் என்றாள், ஆனால் அவள் கண்கள் வேறு சொல்லின" என்ற வரி இன்னும் விதவிதமாக வந்துகொண்டே இருக்கிறது. 'ஆன்டி ஹீரோ' என்ற ஒரு பெயர் கிடைத்துவிட்டால் கட்டாயத் தாலி, கட்டாய முத்தம், அதற்கு மேலும் எல்லாம் கோபக்காரனின் காதலாகிவிடுகிறது. வன்முறையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நடக்கிறது, எழுதத்தான் வேண்டும். கதை சொல்லும் குரல் அதை ரசிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. காதல் காட்சிக்குப் போட்ட அதே மயக்க நடையை இதற்கும் போட்டு, அடுத்த அத்தியாயத்திலேயே அவளை வெட்கப்பட வைக்கும்போது, அதே அனுபவத்தைத் தாங்கிக்கொண்டு வாசிக்கும் ஒருத்தியிடம் அந்தக் கதை என்ன சொல்கிறது? இதைச் சுட்டிக்காட்டும் வாசகரை "கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாதவர்" என்று தள்ளிவிடாதீர்கள். இப்படிப்பட்ட பகுதி இருக்கிறது என்று முகப்பிலேயே ஒரு வரி சொல்லிவிடுவதால் கதையின் சுவாரஸ்யம் கெடாது. படிக்கலாமா, எப்போது படிக்கலாம் என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். சம்மதத்தை எழுதினால் வேகம் தடைப்படும் என்பவர்கள், "இங்கேயா?" என்று ஒருவர் கேட்டு மற்றவர் தலையசைக்கும் ஒரு கணத்தை எழுதிப் பார்க்கட்டும்.

மற்ற சில தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவையே எல்லாம் பிசகில்லாமல் நடப்பது. யாருக்கும் முழங்கால் இடிக்காதது, யாரும் நடுவில் சிரிக்காதது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு உடம்பே இல்லாதது. உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பவர்கள் நடுவழியில் காரணமே இல்லாமல் காதலிக்கத் தொடங்குவது.

வாசகர் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. "இதெல்லாம் சொந்த அனுபவமா?" என்ற கேள்வி. கொலைக் கதை எழுதியவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. காமம் எழுதியவரிடம், அதுவும் பெண்ணாக இருந்தால், பாதிச் சிரிப்போடு கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் நல்ல காட்சியை வெட்டிவிட்டு மின்னலைப் போட்டிருக்கிறார்கள். அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயர் இல்லாததால் யாருடைய கதை என்று துருவ வழியில்லை, எழுதியவர் துணிந்து உள்ளே போக முடிந்தது. இன்று பெயர் இல்லாமல் நாவல் எழுத முடியாது. அந்தப் பாதுகாப்பை வாசகர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் முதல் வாசகரிடம் கொடுத்து "பிடித்ததா, அதிகமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதாவது சொல்வார். அந்தப் பக்கம் முடிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இப்போது இவர்களில் யார் முதலில் பேசுவார்கள், என்ன பேசுவார்கள்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால் காட்சியை அப்படியே விட்டுவிடலாம்.