பிடிபடாத பாட்டின் உணர்ச்சியைப் பிடிப்பது எப்படி? ஓர் உடைந்த தோண்டியை வைத்து

கடுவெளிச் சித்தரின் "நந்தவனத்தில் ஓர் ஆண்டி" என்ற பாட்டை நான் பல ஆண்டுகளாக முணுமுணுத்து வந்தேன். அது மகிழ்ச்சியான பாட்டா, துயரமான பாட்டா என்று என் மகள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று உட்கார்ந்து கண்டுபிடித்த முறை இது.

முதலில், கண்ணியை, அதாவது பாட்டின் ஒரு பகுதியை, சந்தி பிரித்துக் கையால் எழுதுங்கள். கைப்பேசித் திரையைவிடத் தாளும் பென்சிலுமே இதற்கு ஏற்றவை. அடித்துத் திருத்திய இடங்கள் தாளில் அப்படியே நிற்கும்.

நந்தவனத்தில் ஓர் ஆண்டி - அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந்தான் ஒரு தோண்டி - மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டு உடைத்தாண்டி

நான் சறுக்கியது கடைசிச் சொல்லில்தான். ஆண்டி, வேண்டி, தோண்டி என்று காதில் விழுந்த ஓசை இழுத்துக்கொண்டு போனதால், அதை 'உடைத்த ஆண்டி' என்றே நெடுநாள் கேட்டுவந்தேன். உண்மையில் அது 'உடைத்தான் + அடி'. யாரோ ஒருவர் ஒரு பெண்ணை 'அடி' என்று விளித்து, ஊர்ச்செய்தி சொல்வதுபோல இதைச் சொல்கிறார். கதைக்குள் அழுகிற குரல் எதுவும் இல்லை. வெளியே நின்று பார்த்துச் சொல்லும் குரல்தான் இருக்கிறது. இதைப் பிரிக்காமல் உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் தவறாகவே முடியும்.

அடுத்து, உறுத்தும் சொற்களைத் தனியே எடுங்கள். 'நாலாறு' பெருக்கினால் 24, கூட்டினால் 10. கருவில் இருக்கும் பத்து மாதம் என்று கொண்டால், தோண்டி என்னும் மண்குடம் உடலாகவும், குயவன் படைத்தவனாகவும், ஆண்டி உயிராகவும் தெளிகிறார்கள். பழஞ்சொற்களுக்கு நான் புரட்டுவது 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். இக்கால அகராதிகள் இங்கே போதா.

இப்போது வினைகளைப் பாருங்கள். வேண்டியது பத்து மாதம்; உடைத்தது ஓர் ஆட்டத்தில். உடைத்தவன் பகைவன் அல்லன், பெற்றவனே. அதுவும் களிப்பின் உச்சியில். மெட்டும் ஆனந்தக் களிப்பு என்னும் துள்ளல் மெட்டு. ஆனால் பல்லவி, "பாபஞ்செய்யாதிரு மனமே" என்று தொடங்கி, யமன் வந்து கொண்டோடிப் போவான் என மிரட்டுகிறது. அச்சம் பல்லவியில் இருப்பதால், கண்ணி சிரித்தபடி பேச முடிகிறது. இதை 'சோகம்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. என் கணக்கில் இது இரக்கம் கலந்த எள்ளல்.

பின்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர், உயிரைக் குறிக்க அரசன், வணிகன் என்று எத்தனையோ பேர் இருக்க, ஆண்டி எதற்கு என்று கேட்டிருந்தார். நான் தாண்டிப்போன இடம் அது. வணிகனாக இருந்தால் மறுநாளே வேறு தோண்டி வாங்கியிருப்பான்.