விடை பத்து மடங்கு கூடி வந்தால்

உயர்நிலை நான்கு படிக்கும் மகளுக்கு டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு தெரியாததை அளக்கும் முறை) கணக்கில் அமிலத்தின் செறிவு எகிறியே வந்தது. பல நாள் மாலை இதிலேயே போனது. 2.65 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டைக் கரைத்து 250 கன செ.மீ. ஆக்கி, அதில் 25 கன செ.மீ. எடுத்தால், 25 கன செ.மீ. ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகிறது. சரியான விடை கன டெசிமீட்டருக்கு 0.2 மோல். அவளுக்கு வந்தது 2.

முதலில் அலகு மாற்றத்தைச் சந்தேகித்தோம். 1000-ஆல் வகுத்தது சரியாகவே இருந்தது. அப்புறம் சமன்பாடு: ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், அதுவும் சரி. அலகு தப்பினால் 1000 மடங்கு பிசகும், விகிதம் தப்பினால் 2 மடங்கு. இங்கே துல்லியமாக 10. அந்தப் பத்து 250-க்கும் 25-க்கும் நடுவில்தான் இருக்கிறது!

குடுவையில் மொத்தம் 0.025 மோல் கார்பனேட், 25 கன செ.மீ. அளந்தெடுத்த பிப்பெட்டில் (அளவுக் குழாயில்) வந்தது 0.0025 மோல்தான். அவள் குடுவையின் மோலையே கணக்கில் போட்டிருந்தாள். செறிவு மட்டும் இரண்டிலும் 0.1. ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் பந்துங் (ரோஜா சிரப் கலந்த பால்) ஊற்றினால் இனிப்பு மாறாது, கிளாஸுக்குள் போன சர்க்கரைதான் குறைவு. குடுவை, பிப்பெட் இரண்டையும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மோலையும் செறிவையும் தனித்தனியே எழுத வைத்தேன். அன்றைக்கே தீர்ந்தது, பெரிய நிம்மதி.

இன்னொன்று: கேள்வியில் பத்து நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம் என்றிருந்தால், கிராமை 106-ஆல் (நீரற்றதன் ஒரு மோல் எடை) அல்ல, 286-ஆல் வகுக்க வேண்டும்.