டிஎன்ஏ இரட்டிப்பும் குரோமாட்டினும்: எங்கே தவறு நேர்கிறது?

"இரட்டிப்பின்போது நியூக்ளியோசோம்கள் கழன்றுவிடும், முடிந்ததும் திரும்பக் கட்டப்படும்." தேர்வுத் தாள்களில் அதிகம் தென்படும் இந்த வரி பாதிதான் சரி. (ஹிஸ்டோன் என்ற புரதங்களை டிஎன்ஏ சுற்றியிருக்கும் அலகே நியூக்ளியோசோம்; இப்படிப் புரதங்களோடு சேர்ந்த டிஎன்ஏதான் குரோமாட்டின்.) ஹெலிகேஸ் என்ற நொதி டிஎன்ஏவின் இழைகளைப் பிரித்துக்கொண்டே வருவதால், 147 கார இணைகள் சுற்றிய ஹிஸ்டோன் எட்டுத்தொகுதி (எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றிலும் இரண்டு) அதன் வழியில் முழுசாக இருக்க முடியாது, உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி உடைவதில்லை. எச்2ஏ-எச்2பி இணைகள் இரண்டும் விலகிப் பொதுக் கையிருப்பில் கலந்துவிடும். எச்3-எச்4 நான்குதொகுதியோ பெரும்பாலும் பிளவுபடாமல் ஏதாவதொரு மகள் இழைக்குப் போகும். ஆகவே டிஎன்ஏவைப் போல ஹிஸ்டோனும் 'பாதி பழசு, பாதி புதுசு' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

பழைய ஹிஸ்டோன்கள் மிதந்து போய்த் தற்செயலாகத் திரும்புகின்றன என்பது அடுத்த பிழை. அவற்றைக் கவையிலேயே, அதாவது இழைகள் பிரியும் இடத்திலேயே, பிடித்துக் கைமாற்ற ஆள் உண்டு. ஹெலிகேஸின் எம்சிஎம்2 பகுதி துண்டு துண்டாக உருவாகும் பின்தங்கும் இழைக்கும், டிஎன்ஏ ஆக்கும் நொதியான பாலிமரேஸ் எப்சிலானின் டிபிபி3-டிபிபி4 துணை அலகுகள் தொடர்ச்சியாக உருவாகும் முந்து இழைக்கும் கொண்டுசேர்க்கின்றன. 2018இல் ஈஸ்ட்டிலும் எலிக் குருத்தணுக்களிலும் வெளிவந்த ஆய்வுகள் இதைக் காட்டின: எம்சிஎம்2இன் ஹிஸ்டோன் பிடிப்பைக் கெடுத்தால் பழைய ஹிஸ்டோன்கள் முந்து இழைப் பக்கம் சாய்கின்றன.

புதியவை வரும் வழி வேறு. எச்4இன் 5ஆம், 12ஆம் லைசின்களில் அசிட்டைல் என்ற வேதிக் குறியோடு வரும் புது எச்3-எச்4ஐ ஏஎஸ்எஃப்1 என்ற துணைப்புரதம் வாங்கி, இன்னொரு துணைப்புரதமான சிஏஎஃப்-1இடம் தரும். சிஏஎஃப்-1, பாலிமரேஸை டிஎன்ஏவோடு பிணைக்கும் பிசிஎன்ஏ வளையத்தைப் பற்றிக்கொண்டு அதை டிஎன்ஏவில் இறக்கும். எச்3இன் ஒரு வகையான எச்3.1க்கு உரிய இந்த வழியை, மற்றொரு வகையான எச்3.3க்கும் எழுதிவிடாதீர்கள்; இரட்டிப்பைச் சாராமல் எச்3.3ஐப் பதிக்கும் புரதங்களில் முக்கியமானது ஹிரா. மனித உயிரணுக்களில் சென்ட்ரோமியருக்குரிய (குரோமோசோமின் இடுக்குப் பகுதி) எச்3 வகையான சென்ப்-ஏவும் டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் கட்டத்தில் பதிக்கப்படுவதில்லை. பழையது இரு மகள்களுக்கும் பங்காகும், புதியது உயிரணுப் பிரிவுக்குப் பின்வரும் ஜி1 கட்டத்தில்தான் சேரும்.

நியூக்ளியோசோம் அமர்ந்ததுமே ஹிஸ்டோன்களின் மேலுள்ள வேதிக் குறிகளும் திரும்பிவிட்டன என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அமர்வது கவைக்குப் பின்னால் சில நூறு கார இணைகளுக்குள்ளேயே நடந்துவிடும். எச்3கே27 மும்மெத்தில் குறியோ (எச்3இன் 27ஆம் லைசினில் மூன்று மெத்தில்) பழைய அளவை எட்டச் சில மணி நேரம், சில சமயம் அடுத்த சுழற்சிவரைகூட ஆகும்.

ஆய்வக மேசையில் சறுக்கும் இடங்கள் வேறு. புது டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் புரதங்களைப் பிரித்தெடுக்கும் ஐபாண்ட் முறையில், எடியு (டிஎன்ஏவில் தைமிடினுக்குப் பதில் சேர்ந்து அடையாளமாகும் பொருள்) கொடுக்கும் நேரம் நீண்டுவிடுவது முதலாவது. மனிதக் கவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 2 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் கார இணை) ஓடும். 10 நிமிடம் கொடுத்தால் 10 முதல் 20 கிலோபேஸ், அதாவது 50 முதல் 100 நியூக்ளியோசோம் நீளம் குறியேறிவிடும். அதன் பெரும்பகுதி ஏற்கெனவே முதிர்ந்த குரோமாட்டின். ஒலியலையால் டிஎன்ஏவை உடைக்கும் சோனிகேஷனில் துண்டுகள் 100 முதல் 300 கார இணைகளுக்கு மேல் நின்றாலும் தொலைவிலுள்ள புரதங்கள் ஒட்டிக்கொண்டு வரும். தைமிடின் தொடர்ச்சியும் (எடியுவுக்குப் பின் சாதாரணத் தைமிடின் கொடுப்பது) கிளிக் இல்லாத கட்டுப்பாடும் (எடியுவைப் பிடிக்கும் கிளிக் வினையை விட்டுச் செய்யும் ஒப்பீடு) இல்லாமல், கிடைத்ததெல்லாம் 'கவைப் புரதம்' என்று சொல்வதற்கில்லை: தைமிடினுக்குப் பின் பிசிஎன்ஏ குறைய வேண்டும், எச்3 நிற்க வேண்டும்.

கவையை நிறுத்த ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைச் சேர்ப்பவர்கள், டிஎன்ஏ ஆக்கம் நின்றால் ஹிஸ்டோனை உருவாக்கத் தேவையான எம்ஆர்என்ஏவும் சிதையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு குறி டிஎன்ஏவில் எங்கெங்கே இருக்கிறது என்று வாசிக்கும் சிப்-செக் முறையில், மொத்த வாசிப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சமன்செய்தால், மரபணுத் தொகுதி முழுக்கக் குறி பாதியாகக் குறைந்தாலும் வரைபடத்தில் மாற்றமே தெரியாது. தொடக்கத்திலேயே பழ ஈயின் குரோமாட்டினை நிலையான அளவில் கலந்து, அதை வைத்துச் சமன்செய்யுங்கள்.