தத்தெடுத்த நாய் தனியா இருக்க பயந்தா மாத்திரை எப்படி குடுக்கணும்
வேலூர் சத்துவாச்சாரி தெருவுல இருந்து நாங்க எடுத்து வளர்க்கிற மணி, வீட்டைப் பூட்டின அஞ்சாவது நிமிஷமே கத்த ஆரம்பிச்சு கதவைப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தமாக்கிக்குவான், அது சேட்டை இல்லீங்க பயம், அடிக்காதீங்க. முதல்ல செல்போன்ல வீடியோ எடுத்து வெட்னரி டாக்டர்கிட்ட காட்டுங்க.

பெரும்பாலும் ஃப்ளூயோக்செடின்னு பயம், பதட்டத்தைக் குறைக்கிற மாத்திரை தருவாங்க, வழக்கமா கிலோவுக்கு 1-2 மில்லிகிராம், நாளைக்கு ஒரு வேளை, ஆனா அளவை டாக்டர்தான் முடிவு பண்ணணும், மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. பலன் தெரிய 4-6 வாரம் ஆகும், ஒரே வாரத்துல ஒண்ணும் ஆகலைன்னு விட்டுடாதீங்க. ஆரம்பத்துல பசி குறையும், மணி தயிர்சாதத்தையே மோந்து பாத்துட்டு போயிடுவான், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. வலிப்பு வர்ற நாய்னா முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் உண்ணிக்கு அமிட்ராஸ்ங்கிற மருந்து கலந்து குளிப்பாட்டுவோம்ல, இந்த மாத்திரையோட அது சேரவே கூடாது, தயவுசெஞ்சு மறக்காதீங்க.

மாத்திரை மட்டும் பத்தாது. சாவிய எடுத்துட்டு வெளிய போகாம உக்காருங்க, அப்புறம் தனியா விட்டுட்டு வெளிய போற நேரத்தை 30 செகண்ட், 1 நிமிஷம், 5 நிமிஷம்னு மெதுவா கூட்டுங்க, பதறினா நேரத்தைக் குறைங்க. வேலூர் வெயில்ல மூச்சிரைக்கிறது பயமா சூடான்னே தெரியாது, ஃபேன் போட்டு தண்ணி வச்சுட்டு போங்க. நல்லானதும் திடீர்னு நிறுத்தாம டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.