பிக்கப்பில் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதுசு வாங்கும் முன் அளந்து பாருங்கள்

செந்தூலில் இருக்கும் என் மாமா, விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றுபவர். ஒரு நாள் சந்தையிலேயே பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு பட்டறையில் எதையும் அளக்காமல் புது பேட்டரி போட்டார்கள். ஆறே வாரத்தில் அதுவும் இறங்கியது. “பேட்டரிதான்டா சரியில்ல, இன்னொண்ணு மாத்திட்டாப் போச்சு” என்றார் மாமா. மாற்றினார். மூன்றாவது முறை நின்றபோதுதான் நான் வோல்டேஜ் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரியில் குறையே இல்லை. ஒரு கேபிளின் முனையில் இருந்தது கோளாறு. இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த வெள்ளி வீண்.

இதை எளிதாகப் புரிந்துகொள்ள வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் தொட்டி, ஆல்டர்னேட்டர் பம்ப், கேபிள்கள் குழாய். எஞ்சினைக் கிளப்பும்வரைதான் பேட்டரி உழைக்கிறது. அதன்பின் பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டரே விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தந்து, பேட்டரியையும் நிரப்புகிறது. தொட்டி காலியானால் தொட்டியை மட்டும் குறை சொல்லக் கூடாது. பம்ப் ஓடாமல் இருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், ராத்திரியில் எங்காவது ஒழுகவும் செய்யலாம்.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கழற்றும் நொடியில் வோல்டேஜ் எகிறி, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ வரை கெட்டுப்போகலாம்.

1. முதலில் கண்ணால் பாருங்கள். பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறதா? பேட்டரி முனைகளில் வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருக்கிறதா? அப்புறம் சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பல காடிகளில் அந்த விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது.

2. ராத்திரி முழுக்க நின்ற காடியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் வையுங்கள். 12.6 என்றால் முழுசாக நிரம்பியிருக்கிறது. 12.4 முக்கால், 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் வெளிச் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டுத்தான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும்.

3. எஞ்சினைக் கிளப்பி, அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் பம்ப் ஓடுகிறது. ஹெட்லைட், ஏசி, புளோவர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். அப்போதும் 13.5-க்கு மேலே நிற்க வேண்டும். 12-லேயே கிடந்து மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம், பேட்டரி கொதித்துவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அதனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

4. மாமாவின் பிக்கப்பில் லோடு போட்டபோது, அதாவது விளக்கு, ஏசி எல்லாவற்றையும் போட்டபோது, பேட்டரியில் 12.9 தான் காட்டியது. இந்த இடத்தில் நிறையப் பேர் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும். விளக்கு, ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த கேபிள் மாட்டிய போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். அந்த போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், முனை பக்கத்து இரும்பில் பட்டால் பொறி பறக்கும். நிதானமாக வையுங்கள்.

இப்போது மீட்டர் காட்டுவது, வழியில் தொலையும் வோல்ட். நல்ல கேபிளில் 0.2, மிஞ்சிப் போனால் 0.3. மாமாவின் காடியில் 1.2 காட்டியது. ஆல்டர்னேட்டர் 14.1 கொடுக்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேருவது 12.9. எஞ்சினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு போல்ட்டைக் கழற்றினால், கேபிள் வளையம் கறுத்து, உள்ளே துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். 1.2 இருந்த இடத்தில் 0.1 ஆனது.

எர்த் பக்கத்தையும் இப்படியே, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2-க்கு மேல் வந்தால் எர்த் கேபிளைச் சுத்தம் செய்யுங்கள். லோடு போடாமல் அளந்தால் மோசமான கேபிளும் நல்லதுபோலவே காட்டும், ஏனென்றால் மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

5. எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுமின்னோட்ட (AC) அளவுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்கலாம்.

6. இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் பிக்கப்பை நிறுத்தி, பேட்டரியிலிருந்தே விளக்கும் ஆம்பிளிஃபயரும் இழுத்துவிட்டு, அந்த வயரைக் கழற்றாமலே விட்டுவிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமானால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது அளவு குறைகிறதோ அந்த வழியில்தான் ஒழுகல். மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கடைசியில் ஆல்டர்னேட்டர்தான் என்று முடிவானால், உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அதை மட்டும் மாற்ற முடியுமா என்று பட்டறையில் கேளுங்கள். பழைய டீசல் பிக்கப் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்ப் இருக்கும், பிரேக்குக்கு உதவுவது அதுதான். அங்கே எண்ணெய் கசிந்து உள்ளே போனால் புது பிரஷும் சீக்கிரம் கெடும், எனவே கசிவையும் சேர்த்தே அடைக்கச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும், எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பார்த்த பிறகே காடியை ரோட்டில் இறக்குங்கள்.